கலங்கல்

மாரிச்செல்விக்கு வேலை என்னவென்றால், தன்னைப் பார்த்துக்கொள்வது.

கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஊரில் சொன்னபோது எல்லாரும் சிரிக்கத்தான் செய்தார்கள். தூத்துக்குடிக்கு வடக்கே உப்பளத்தை நம்பிப் பிழைக்கிற ஊர் அது. அவள் வீட்டில் அவளுக்கு முன்னால் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. வேதியியலில் பட்டம் வாங்கிவிட்டு, போகாத ஊருக்கெல்லாம் போய், உட்காராத நேர்காணலுக்கெல்லாம் உட்கார்ந்து, கடைசியில் கோயம்புத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருந்த ‘நலவகம்’ என்ற கம்பெனியில் சேர்ந்தாள். அங்கே அவள் நேரத்துக்குத் தூங்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். மணியடிக்கிறபோதெல்லாம் தண்ணீர் குடிக்க வேண்டும். இளவெயிலில் நடக்க வேண்டும். எதற்கும் மனசை அலட்டிக்கொள்ளக் கூடாது. வாரம் ஒருமுறை கையை நீட்டினால் ரத்தத்தை எடுத்து, அதில் தங்களுக்கு வேண்டியதைப் பிரித்துக்கொண்டு, மிச்சத்தை உடம்புக்குள்ளேயே திருப்பி ஏற்றிவிடுவார்கள்.

நேர்காணலில் அவளைப் பார்த்தவர் கோகுலநாதன். நல அலுவலர். மென்மையான ஆள். நாற்காலியைக்கூடச் சத்தமில்லாமல் நகர்த்துவார். நன்றாகத் தூங்கி, நன்றாக நடந்து, கவலையில்லாமல் இருக்கிற இளம் உடம்பில் சில பொருள்கள் சுரக்கும், அவற்றை வயதானவர்களுக்கு ஏற்றினால் எலும்பும் மூளையும் பத்து வருடம் பின்னால் போகும் என்று விளக்கினார்.

“அவங்களுக்கு நடக்க நேரமில்லீங்க. படுத்தாத் தூக்கம் வர்றதில்ல. நீங்க நடக்கறதும் தூங்கறதும் அவங்களுக்குப் போய்ச் சேருது. யாருக்கும் நட்டமில்ல பாருங்க.”

“அடுத்தவங்க வேலைய நாங்க செய்யுறது எங்க ஊர்ல வழக்கந்தான் சார்” என்றாள் மாரிச்செல்வி. “தூக்கத்தையும் எங்களையே தூங்கச் சொல்லுவீங்கன்னு நெனைக்கல.”

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்தார். அன்றைக்கே வேலை கொடுத்தார்.

நலவகத்தில் இருந்த பெண்கள் எல்லாருமே அவளைப் போல வீட்டில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கியவர்கள். தேடிப் பிடித்து அப்படித்தான் எடுத்தார்கள். ஏன் என்று ஒருமுறை கேட்டதற்குக் கோகுலநாதன் மனசார ஒரு காரணம் சொன்னார். மற்ற பிள்ளைகள் பசித்தால் திருட்டுத்தனமாக எதையாவது வாங்கித் தின்றுவிடுகிறார்களாம், தூக்கம் வராவிட்டால் படம் பார்க்கிறார்களாம். நீங்கள் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள், பரீட்சைக்கு அப்படித்தானே படித்தீர்கள் என்றார். பாராட்டுவதாகத்தான் நினைத்துக்கொண்டு சொன்னார். மாரிச்செல்விக்கு அது முகத்தில் துப்பியதுபோல இருந்தது. ஆனால் உண்மைதான்.

ஒவ்வொருத்தி கையிலும் ஒரு காப்பு மாட்டியிருந்தார்கள். வெள்ளி நிறத்தில், மெல்லியதாக, கழற்ற முடியாதது. நாடி, வியர்வை, தூக்கம் எல்லாம் அதற்குத் தெரியும். உடம்பும் மனசும் ஒழுங்காக இருந்தால் பச்சை. கொஞ்சம் பிசகினால் மஞ்சள். கோபமோ அழுகையோ பட்டினியோ வந்தால் சிவப்பு. பச்சையாக இருந்த வாரத்தில் எடுத்த ரத்தத்திலிருந்து கிடைப்பதற்குத் ‘தெளிவு’ என்று பெயர். கண்ணாடிப் பையில் இளம் பொன்னிறத்தில் அழகாக இருக்கும். சிவப்பு வாரத்தில் கிடைப்பது ‘கலங்கல்’. அதைச் சாக்கடையில் கொட்டிவிடுவார்கள். மூன்று முறை கலங்கல் வந்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

சாப்பாட்டில் குறையே கிடையாது. கீரை, முட்டை, கம்பஞ்சோறு, கொய்யா. உப்பு மட்டும் பெயருக்குத்தான். உப்பளத்துக்காரிக்கு உப்பில்லாச் சோறு. முதல் மாதம் தொண்டையில் இறங்கவில்லை, பிறகு பழகிவிட்டது. எல்லாமே பழகிவிட்டது. தனி அறை, வெள்ளை மெத்தை, சத்தமே இல்லாத ஜன்னல். வீட்டில் மூன்று பேர் ஒரே பாயில் நெருக்கிக்கொண்டு படுத்தவள், இங்கே கையை நீட்டினால் சுவர்கூடத் தட்டுப்படாத கட்டிலில் கிடந்தாள். யாருடைய மூச்சுச் சத்தமும் கேட்கவில்லை. இத்தனை பேர் அவள் உடம்பை இவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டார்கள். அவளை ஒருத்தர்கூடப் பார்க்கவில்லை.

தனிமையும் ரத்தத்தைக் கெடுக்கும் என்பது கம்பெனிக்குத் தெரியும். அதற்கும் ஒரு வேளை ஒதுக்கியிருந்தார்கள். சாயங்காலம் அரை மணி நேரம் பேச்சு வேளை. பெரிய கூடத்தில் இரண்டிரண்டு பேராக உட்கார வேண்டும், யாருக்கு யார் என்று அவர்களே பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். கூடத்துச் சுவர்களில் ஒலிவாங்கிகள் உண்டு. எதைப் பேசினால் யார் காப்பு எந்த நிறம் காட்டுகிறது என்று கவனித்துக்கொண்டே இருப்பார்கள். மாரிச்செல்விக்கு வாய்த்தவள் அஞ்சுகம். நாகப்பட்டினத்துக் கடற்கரைக்காரி, புள்ளியியல் படித்தவள், வாய் ஓயாது. ஆனாலும் ஒலிவாங்கிக்கு நடுவில் என்னத்தைப் பேச? இருவரும் மழை பெய்யுமா பெய்யாதா என்று பேசினார்கள். உண்மையான பேச்சு என்று அவளுக்கு இருந்தது ஒன்றே ஒன்றுதான். வாரத்துக்கு ஒருமுறை அக்காவின் போன்.

அக்கா சண்முகக்கனி. அப்பா இறந்தபோது மாரிச்செல்வி ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள், கனி ஒன்பதாவது. கனி பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அம்மாவோடு உப்பளத்துக்குப் போனாள். தங்கச்சி படிக்கட்டும் என்று அவள் ஒருநாளும் வாயால் சொல்லவில்லை. மறுநாள் காலையில் புத்தகப் பையைத் தூக்கித் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டுத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாள். பிறகு கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் இவள் முடிக்கட்டும், இவள் முடிக்கட்டும் என்று தள்ளிக்கொண்டே போனாள்.

“இன்னைக்கு என்னட்டி வேலை?” என்றுதான் போனில் ஆரம்பிப்பாள் கனி.

“காலைல நடந்தேன். பெறவு சாப்ட்டேன். பெறவு தூங்குனேன்.”

“சாயங்காலம்?”

“திரும்ப நடந்தேன்.”

“கோயில் யானைக்கே இதவிட வேலை கூடுதல்ட்டி. அது ஆசீர்வாதமாவது பண்ணும்.”

சொல்லிவிட்டு இருமி இருமிச் சிரிப்பாள். அம்மாவிடம் போன் கிடையாது, பேசவும் கூச்சம். பின்னாலிருந்து அம்மா கேட்கச் சொல்வதையெல்லாம் கனிதான் கேட்பாள். உப்பளத்தில் எல்லாரிடமும் தங்கச்சியைப் பற்றிச் சொல்லி வைத்திருந்தாள். நிழலில் உட்கார்ந்து சம்பாதிக்கிறாள் என்று. கனிக்குத் தெரிந்த பெரிய பவிசு நிழல்தான்.

கனிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன என்பது தெரிந்தபோது அவளுக்கு முப்பத்தொரு வயது. ஏன் போயின என்று டாக்டர் கேட்டதற்கு அம்மா சொன்ன பதிலைக் கனி சிரித்துக்கொண்டே போனில் சொன்னாள். வெட்ட வெளி உப்பளத்தில் ஒரு செடி மறைப்பு கிடையாது, கக்கூஸ் கிடையாது. ஆம்பிளைகள் எங்கேயும் நிற்பார்கள். பொம்பிளைகள் எங்கே ஒதுங்குவது? அதனால் பொழுது விடிந்ததிலிருந்து வீடு திரும்புகிறவரை தண்ணீர் குடிப்பதில்லை. கொளுத்துகிற வெயிலில், காலைக் கடிக்கிற உப்புத் தண்ணீரில் நின்றுகொண்டு, பதினைந்து வயதிலிருந்து அப்படித்தான். வந்தாலும் அடக்கிக்கொள்வது.

அந்த நேரத்தில் நலவகத்தில் மணி அடித்தது. தண்ணீர் வேளை. போனைக் காதில் வைத்தபடியே மாரிச்செல்வி டம்ளரை எடுத்துக் குடித்தாள். வேறு வழியில்லை. காப்பு பார்த்துக்கொண்டிருந்தது.

தன் பைகளில் ஒன்றை அக்காவுக்குத் தர முடியுமா என்று கோகுலநாதனைப் போய்க் கேட்டாள். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். தெளிவு என்பது நன்றாக இருக்கிறவர்களை இன்னும் நன்றாக வைத்திருக்கத்தான், கெட்டுப்போனதை அது சரியாக்காது என்றார். “உங்களை நீங்க நல்லாப் பாத்துக்கறதுதான் அவங்களுக்கு நீங்க செய்யற உதவி” என்று எழுந்து வந்து கதவைத் திறந்துவிட்டார். அவர் சொன்னதில் தப்பைக் கண்டுபிடிக்க மாரிச்செல்வி அன்றெல்லாம் முயன்றாள். பிறகு அதற்கும் காப்பு மஞ்சள் காட்டியதால் விட்டுவிட்டாள்.

மாசி மாதத்தில் கனி இறந்துபோனாள்.

சேதியைச் சொன்னவரும் கோகுலநாதன்தான். உட்கார வைத்து, மூச்சை இழுத்து விடச் சொல்லி, காப்பு பச்சையாக இருப்பதைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவள் கண்ணில் ஏதோ கரித்தது. அதற்குள் அவர் “மூச்சு, மூச்சு” என்றார். அவளும் பழக்கதோஷத்தில் இழுத்தாள், விட்டாள். கரித்தது அடங்கிவிட்டது. இரண்டு நாள் விடுப்பு கொடுத்தார்கள். கூடவே வேளைக்கு ஒன்றாகச் சாப்பாட்டுப் பெட்டிகளும், தண்ணீர்ப் புட்டிகளும் கட்டிக் கொடுத்தார்கள். எந்த வேளையும் தவறக் கூடாது என்று சமையல்காரப் பெண் இரண்டு தடவை சொல்லி அனுப்பினாள்.

பஸ்ஸில் உட்கார்ந்து மாரிச்செல்வி தீர்மானமாக யோசித்தாள். அந்த வேலை கனி தூக்கிக் கொடுத்த நிழல். கனியின் சாவில் அதைப் போட்டு உடைப்பது கனிக்குச் செய்கிற துரோகம். காப்பு பச்சையாகவே இருக்கட்டும். அழுகையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அது எங்கே போய்விடப் போகிறது?

அவர்கள் ஊரில் வெளியூரிலிருந்து சாவுக்கு வருகிற பொம்பிளை தெருமுனையிலேயே குரலெடுக்க வேண்டும். அந்தக் குரலைக் கேட்டு வீட்டிலிருக்கிற பெண்கள் எழுந்து வருவார்கள், தோளோடு தோள் சேர்த்துக் கட்டிக்கொண்டு எல்லாரும் ஒன்றாக அழுதபடியே உள்ளே கூட்டிப்போவார்கள். மாரிச்செல்வி தெருமுனையிலிருந்து வாயைத் திறக்காமல் நடந்து வந்தாள். எழுந்து நின்ற பெண்கள் கையை விரித்தபடியே நின்றார்கள். அவள் அவர்களுக்கு நடுவில் நுழைந்து, மூச்சை எண்ணிக்கொண்டே, அக்காவின் காலடியில் போய் உட்கார்ந்தாள். கனியின் குதிகால் பிளவுகளில் உப்பு இன்னும் வெள்ளையாக ஏறிக் கிடந்தது. குளிப்பாட்டியும் போகவில்லை. அதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். நலவகத்தில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

பொழுது உச்சிக்கு ஏறியது. பிணம் கிடக்கிற வீட்டில் அடுப்பு எரியாது, எடுக்கிறவரை யாரும் சாப்பிட மாட்டார்கள். கையில் காப்பு அதிர்ந்தது. சாப்பாட்டு வேளை. அவள் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனாள். விறகு அடுக்கியிருந்த மறைவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பெட்டியைத் திறந்து, கீரையும் முட்டையுமாக வேகமாகத் தின்றாள். தண்ணீர் எடுக்கப் பின்பக்கம் வந்த வேலம்மா சித்தி பார்த்துவிட்டாள்.

சித்தி கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. “பொணம் நடுவீட்ல கெடக்கு” என்றாள். “ஒனக்குச் சோறு எறங்குதாட்டி?”

வாயில் இருந்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அவள் உட்கார்ந்திருந்தாள். பேச்சுக்குரல் கேட்டு அம்மா வந்தாள். மகளையும் பெட்டியையும் பார்த்தாள்.

“விடு வேலம்மா” என்றாள் பிறகு. “அது அவ வயிறு இல்ல. கம்பெனி வயிறு.”

அம்மா திட்டுகிறாளா, தாங்கிப் பேசுகிறாளா என்பது மாரிச்செல்விக்குப் புரியவில்லை. ஒருவேளை அம்மாவுக்கும் புரிந்திருக்காது. மிச்சத்தையும் சாப்பிட்டு முடித்தாள்.

திரும்பி வந்த வாரம் ரத்தம் எடுத்தார்கள். பை பொன்னிறமாக வந்தது. ஒரு தூசு இல்லாத தெளிவு. கோகுலநாதன் பேச்சு வேளையில் எல்லாப் பெண்களையும் கூப்பிட்டு அந்தப் பையை உயர்த்திக் காட்டினார். உடன்பிறந்தவளைப் பறிகொடுத்த வாரத்திலும் ஒருத்தியால் தன்னை இப்படிப் பார்த்துக்கொள்ள முடிகிறது என்றால் பழக்கத்தின் பெருமையை என்னவென்று சொல்வது என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். அஞ்சுகம் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து மாரிச்செல்வி அழ முயன்றாள். வேலை போனால் போகட்டும் என்றுகூட ஒரு கட்டத்தில் தோன்றிவிட்டது. அறைக்குள் உட்கார்ந்து அக்காவை நினைத்துப் பார்த்தாள். இருமிச் சிரிக்கிற சத்தத்தை, புத்தகப் பையைக் கொடுத்த காலையை, காலடியில் பார்த்த உப்பை. நினைவு வந்தது. அதோடு மூச்சும் தானாகவே நிதானமாக வந்தது. பச்சை. அவளுக்குப் பயமாகிவிட்டது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்த அழுகை வைத்த இடத்தில் இல்லை. அக்காவுக்கு அவள் பட்டிருந்த கடன் ஒரு அழுகைதான். அதைக்கூட இந்த உடம்பு தர மாட்டேன் என்கிறது. இது யார் உடம்பு?

வாரத்துக்கு ஒருமுறை வந்த போனும் இப்போது இல்லை. அந்த நேரம் வரும்போது கட்டிலில் சும்மா உட்கார்ந்திருப்பாள்.

ஒருநாள் முற்பகலில், இரண்டாவது தண்ணீர் வேளை முடிந்து, கழிப்பறைக்குப் போனாள். தினமும் போகிறதுதான். நலவகத்தின் கழிப்பறை அவள் வீட்டைவிட நன்றாக இருக்கும். வெள்ளை ஓடு, எலுமிச்சை வாசம், கையைத் துடைக்கத் துண்டு. உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். தாழ்ப்பாள் போட்ட சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

ஒரு தாழ்ப்பாள். நாலு சுவர். இது இருந்திருந்தால் போதும். இந்தக் கேடுகெட்ட நாலு சுவர் அந்த உப்பளத்தில் இருந்திருந்தால், கனி தாகத்துக்குத் தண்ணீர் குடித்திருப்பாள். உலகத்தில் யாருக்கும் தெரியாத மருந்தா அது? தண்ணீரும் ஒரு மறைப்பும். அதைக் கொடுக்க யாருக்கும் தோன்றாத நாட்டில், பெங்களூரிலோ துபாயிலோ இருக்கிற ஒரு கிழவரின் மூளை பளிச்சென்று இருப்பதற்காகக் கனியின் தங்கச்சிக்கு மணியடித்துத் தண்ணீர் கொடுக்கிறார்கள்.

அவள் ஓட்டில் சரிந்து உட்கார்ந்தாள். ஒத்திவைத்த அழுகை கிளம்பி வந்தது. இது மூச்சுக்கு அடங்குகிற ரகம் இல்லை. “எக்கா” என்றாள். “எக்கா, எக்கா” என்று ஓட்டுத் தரையில் அடித்துக்கொண்டு அழுதாள். காப்பு சிவப்பாகி, அதிர்ந்து, கூவி, ஆட்கள் வந்து கதவைத் தட்டுகிறவரை அழுதாள்.

அந்த வாரம் வந்தது கலங்கல். பையைப் பார்த்தாள். சேற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தது. அவளுக்கு அது அழகாகத் தெரிந்தது. அறைக்குப் போய்ப் பெட்டியை எடுத்து வைத்தாள். மூன்று முறை வரைக்கும் பொறுப்பார்கள் என்பது தெரியும். ஆனால் கைதட்டல் வாங்கியவளை ஒரே முறையில் அனுப்பினாலும் அனுப்புவார்கள் என்று நினைத்தாள். கொஞ்சம் ஆசையாகவும் இருந்தது.

பத்து நாள் கழித்துக் கோகுலநாதன் கூப்பிட்டார்.

“உக்காருங்க செல்வி. போன தடவ உங்களது கலங்கலா வந்துச்சு இல்லீங்களா?”

“ஆமா சார். பெட்டி கட்டியாச்சு.”

“அவசரப்படாதீங்க. ஒரு நல்ல சேதி சொல்லத்தான் கூப்பிட்டேன்.”

கலங்கலைக் கொட்டிவிடுவதுதான் வழக்கம். அந்தப் பையைக் கிடங்கில் யாரோ தட்டு மாற்றி வைத்துவிட்டார்கள். அது ஒரு பெரியவருக்குப் போய்விட்டது. மனைவி இறந்து நாலு வருடம் ஆகியும் அவர் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லையாம். பேச்சில்லை, தூக்கமில்லை, காட்டாத டாக்டர் இல்லை.

“உங்க பை ஏறுன அன்னைக்கு மத்தியானம் சோபாவுல உக்காந்து ஒரு மணி நேரம் அழுதிருக்காருங்க” என்றார் கோகுலநாதன். “அப்புறம் எந்திரிச்சு ரசஞ்சோறு கேட்டுச் சாப்பிட்டிருக்கார். அவரோட பொண்ணு போன் பண்ணி, நாலு வருஷம் கழிச்சு அப்பா திரும்பி வந்துட்டாருன்னு சொன்னாங்க.”

மாரிச்செல்வி அந்தச் சோபாவை நினைத்துப் பார்த்தாள். கனிக்காக அவள் அழுதது ஒரே ஒரு முறை. அதையும் கனியின் பெயர்கூடத் தெரியாத ஒருவர் அழுது தீர்த்துவிட்டு ரசம் சாப்பிட்டிருக்கிறார்.

“கேள்விப்பட்டு இப்ப நெறைய பேர் கேக்கறாங்க. அழ வராம தவிக்கிறவங்க இவ்வளவு பேர் இருக்காங்கன்னு எங்களுக்கே தெரியாதுங்க. சோகப் படம் காட்டி எடுத்துப் பார்த்தோம், தேறல. நெசமா நடந்திருக்கணும். தெளிவைப் பழக்கத்துல கொண்டுவந்துரலாம். இது அப்படியில்ல.”

சொல்லிக்கொண்டே திரையைத் தன் பக்கம் திருப்பினார். பெண் பார்க்க வந்தவர்கள் கேட்கிற இயல்போடு கேட்டார்.

“வீட்ல வேற யாருங்க? அம்மா பேர் பேச்சியம்மாள்னு போட்டிருக்கு. உடம்பெல்லாம் எப்படி இருக்காங்க?”

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது.

“நாங்க ஒண்ணும் செய்யப் போறதில்லீங்க” என்றார் அவர் அவசரமாக. “அப்படியெல்லாம் நெனைச்சராதீங்க. அவங்க நூறு வருஷம் நல்லா இருக்கட்டும். உங்களைத் தனியா வச்சு, இன்னும் நல்லாப் பார்த்துக்குவோம். காத்திருப்போம். அந்த நாள் என்னைக்கு வருதோ, வரட்டும். அன்னைக்கு இங்கிருந்து ஒரு ஆள் உங்க கூட வருவாங்க, ஊசியோட. அவ்வளவுதான்.”

அம்மா இருமுகிறபோதெல்லாம் இங்கே ஒருவர் நிமிர்ந்து உட்காருவார். அம்மாவின் கால்மாட்டில், தோள் சேர்த்து அழுகிற பெண்களுக்கு நடுவில், ஒருத்தி பையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

“அம்மா இல்ல சார்” என்றாள் மாரிச்செல்வி.

உயிரோடு இருக்கிற அம்மாவை. இந்நேரம் உப்பு வரப்பில் குனிந்து நிற்கிற அம்மாவை. சொல்லக் கூடாத சொல் என்று அவர்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நாக்கு அழுகிவிடும் என்பார்கள். அவள் நாக்கு நன்றாகத்தான் இருந்தது.

“அடடா” என்றார் கோகுலநாதன். “எப்பங்க?”

“போன வருஷம்.”

அவர் திரையில் எதையோ பின்னோக்கித் தள்ளினார். நெற்றி சுருங்கியது. “போன வருஷம் பூராவும் உங்களுக்குத் தெளிவாத்தானே வந்திருக்கு? ஒரு சிவப்புகூட இல்லீங்களே. லீவும் போட்ட மாதிரி இல்ல.”

“போகல சார். சொல்லவும் இல்ல. சொன்னா மூச்சு பிசகும்னு விட்டுட்டேன்” என்று அவர் கண்ணையே பார்த்துச் சொன்னாள். “அப்ப நான் நல்லா வேலை பார்த்தேன்.”

கோகுலநாதன் அவளைப் பார்த்தார். அதில் சந்தேகம் இல்லை. மரியாதைதான் இருந்தது. தான் கற்றுக்கொடுத்த பழக்கத்தின்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. கண்ணை அவள் மணிக்கட்டுக்கு இறக்கினார். காப்பு பச்சையாக இருந்தது. அதற்குமேல் அவருக்குச் சாட்சி தேவைப்படவில்லை.

“அப்ப யாரும் இல்ல.”

“யாரும் இல்ல சார்.”

அவர் அதைப் பதிந்துகொண்டார். பெட்டியைப் பிரித்து வைக்கலாம், பழையபடி தெளிவு வேலையைப் பார்க்கலாம் என்றார். அறையை விட்டு வெளியே வந்த பிறகுதான் என்ன செய்திருக்கிறோம் என்பது முழுசாக உறைத்தது. இனி இங்கிருந்து அம்மாவுக்கு ஆள்மூலமாகக்கூடச் சேதி அனுப்ப முடியாது. அம்மா இங்கே வர முடியாது. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன் என்று யாரிடம் சொல்லிப் போவது? வேலையை விட்டால்தான் அதெல்லாம் உண்டு. விட்டால் அம்மா அந்த உப்பிலேயே கிடந்து சாக வேண்டும்.

சாயங்காலம் பேச்சு வேளை. அஞ்சுகம் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். வழக்கமாக இவள் உட்காருவதற்குள் நாலு கிண்டல் வந்திருக்கும். இன்றைக்கு ஒன்றும் காணோம். காலையிலிருந்து ஒவ்வொருத்தியாகக் கோகுலநாதன் கூப்பிட்டுக்கொண்டிருந்தாராம், அவளையும் கூப்பிட்டாராம், சமையல்காரப் பெண் சொன்னாள். பேசாமலே இருந்தால் காப்பு மஞ்சளாகும். எதையாவது பேச வேண்டுமே என்று மாரிச்செல்வி வாயைத் திறந்தாள்.

“இந்த ஞாயித்துக்கிழமையும் உங்கம்மா வருவாங்களா?”

கேட்ட பிறகுதான் ஒலிவாங்கி இருக்கிற கூடத்தில் கேட்டிருக்கக் கூடாது என்று உறைத்தது. போன ஞாயிற்றுக்கிழமைதான் அந்த அம்மாள் வாசல் காவலாளியோடு மல்லுக்கு நின்றார்கள். கருவாட்டுப் பொட்டலத்தை உள்ளே விட முடியாது என்று அவன் சொன்னதற்கு, அவன் பரம்பரையையே இழுத்து வைத்துக் கேட்ட கேள்விகள் மாடிவரைக்கும் கேட்டன.

அஞ்சுகம் சுவரைப் பார்த்தாள். பிறகு இவளைப் பார்த்தாள்.

“எங்கம்மா செத்து ரெண்டு வருஷம் ஆச்சேடி” என்றாள். “ஒனக்குத் தெரியாதா?”

மாரிச்செல்வி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மடியில் விரல்கள் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டிருந்தன. காப்பு பச்சை.

“மறந்துட்டேன்” என்றாள் மாரிச்செல்வி.

“உங்கம்மா?”

“போன வருஷம்.”

“நல்ல மனுஷியா?”

“ரொம்பப் பேச மாட்டா. பேசுனா ஒரு பேச்சுத்தான் பேசுவா.”

“எங்கம்மா பேசிக்கிட்டே இருந்துச்சு. அது வச்ச சுறாப்புட்டு மாதிரி யாராலயும் வைக்க முடியாது.”

இறந்த காலத்திலேயே பேசினார்கள். அம்மா எப்படிக் கொண்டை போட்டாள், எதற்குப் பயந்தாள், யாரைத் திட்டினாள், தூங்கும்போது எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள். இத்தனை நாளில் முதல்முறையாக அவர்கள் மழையைப் பற்றிப் பேசவில்லை. மூச்சு நிதானமாக வந்துகொண்டிருந்தது. நடுவில் அஞ்சுகம் இவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

பக்கத்து இணையிலிருந்து தருமபுரிக்காரப் பெண்ணின் குரல் கேட்டது. எங்க அம்மாவும் அப்படித்தான், சாகிற வரைக்கும் செருப்பே போடவில்லை என்று அவள் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். மாரிச்செல்வி திரும்பிப் பார்த்தாள். அதற்கு அடுத்த இணை. அதற்கும் அடுத்தது. கூடம் முழுக்கத் தாழ்ந்த குரலில், தெளிவாக, அதே பேச்சுத்தான் ஓடிக்கொண்டிருந்தது. சுவர்கள் கேட்டுக்கொண்டிருந்தன. வரிசை வரிசையாகக் காப்புகள் பச்சையாக எரிந்தன.

அன்றைக்கு அந்தக் கூடத்தில் ஒருத்திக்கும் அம்மா இல்லை.